சான்று கேட்பது தெய்வக் குற்றமா? நம்புகிறவர்களும் ஐயப்படுகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடொன்றில், நான்கு ஆண்டுகளாகப் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் மாலை நான்கு மணிக்குக் கூடுகிறோம். சைவர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர், முஸ்லிம்கள், எதையும் நம்பாதவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். வாசலருகே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமான கேள்வியைப் பெயர் போடாமல் எழுதி அதில் போட்டுவிடலாம். அந்தத் துண்டுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. கூட்டத்துக்கு வருகிற எல்லாருக்கும் இவை உடன்பாடானவை அல்ல.

முதலில் இதைச் சொல்லுங்கள்: நீங்கள் யார் பக்கம்?

நான் ஐயப்படுகிறவள். சைவக் குடும்பத்தில் பிறந்தேன், திருநீறு பூசி வளர்ந்தேன், இருபத்தைந்து வயதுக்கு மேல் நம்பிக்கை என்னை விட்டுப் போயிற்று. நான் அதைத் துரத்தவில்லை. இன்றும் தேவாரம் கேட்டால் தொண்டை அடைக்கிறது. இதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும்.

"அதற்கு என்ன சான்று?" என்று கேட்டாலே வீட்டில் சண்டை வந்துவிடுகிறது. ஏன்?

ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் கேட்கிறோம் என்பது பெரிய காரணம். சபைக்குப் போகிறவரிடம் சான்று கேட்டால் அவர் சாட்சி சொல்லத் தொடங்குவார்: "நான் குடித்துக் கெட்டவன், ஆண்டவர் என்னைத் தூக்கி நிறுத்தினார்." அது அவருடைய வாழ்க்கை, அதை மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. முஸ்லிம் நண்பரிடம் கேட்டால் அத்தாட்சி என்பார். மழையும், இரவு பகல் மாறுவதும், தாயின் கருவறையும் அவருக்கு அத்தாட்சிகள். சித்தாந்தம் படித்த சைவர் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, எண்ணத் தொடங்குவார். ஐயப்படுகிறவரோ நீதிமன்றத்தில் கேட்பதுபோல் கேட்கிறார்: யார் பார்த்தது, எப்போது, வேறு விளக்கம் இருக்க முடியாதா?

இவற்றில் எதுவும் இழிவானதல்ல. ஆனால் கேள்வி எதைப் பற்றியது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். "என் வாழ்க்கைக்குப் பொருள் இருக்கிறது" என்பது ஒருவகைக் கூற்று. "கடந்த வெள்ளிக்கிழமை சிலையின் கண்ணிலிருந்து நீர் வடிந்தது" என்பது முற்றிலும் வேறு வகை. இரண்டாவது, உலகத்தில் ஒரு நாளில் ஓர் இடத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது. அப்படிச் சொன்ன கணத்திலேயே, கூரை ஒழுகியதா என்று பார்க்கும் அதே கண்ணால் அதையும் பார்க்கலாம் என்றாகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். கீழே வருகிற பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதும் இதுதான்.

கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டேன் என்கிறான் என் மகன். அவனுக்கு என்ன சொல்வது?

அவனுக்கு மணிமேகலையைச் சொல்லுங்கள். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் கொள்கை கேட்டு வருகிறாள் அவள். உலகம் பூதங்களால் மட்டுமே ஆனது என்னும் பூதவாதி ஒருவன், கண்டதைத் தவிர வேறெதுவும் கொள்ளேன் என்கிறான். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று கேட்கிறாள். நம்மில் எவரும் நம் பிறப்பைப் பார்த்ததில்லை. பிறப்புச் சான்றிதழையும், வீட்டார் சொல்லையும், முகச்சாயலையும் சேர்த்து வைத்துத்தான் இன்னார் பிள்ளை என்கிறோம்.

ஆகவே உங்கள் மகன் வைத்த விதி அவனுக்கே போதாது. மின்னணுவை அவன் பார்த்ததில்லை. கண்டி இராச்சியத்தையும் பார்த்ததில்லை. ஆனால் இதனால் நம்புகிறவர் தரப்பு வென்றுவிட்டதாகவும் எண்ணவேண்டாம். அனுமானம் செல்லும் என்றால் அது சரியாகச் செய்யப்பட்டதா என்ற கேள்வியும் கூடவே வரும்.

அப்படியானால் இத்தனை ஆயிரம் பேர் சொல்வது பொய்யா?

பொய் என்ற சொல்லை எடுக்காதீர்கள். பொய் சொல்கிறவர் மிகச் சிலர். தவறாகப் புரிந்துகொண்டவர், கேட்டதைக் கண்டதாக நினைத்துக்கொண்டவர், ஆசையால் கூட்டிச் சொன்னவர் ஏராளம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத பகுத்தறிவாளர்கள்தான் விவாதத்தைக் கெடுக்கிறார்கள்.

அதே மணிமேகலையில் அளவைகள் பத்தென்று எண்ணப்படும் இடத்தில் ஐதிகம் என்று ஒன்று வருகிறது: உலகத்தார் உரை. அதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறதென்று ஊரார் சொல்வதைக் கேட்டு அப்படியே தெளிவது. படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். முகத்துவாரத்துப் புளியமரத்தைப் பற்றி என் பாட்டி சொன்ன கதையும் இதேதான்.

1995 செப்டெம்பர் 21ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி டில்லியில் எழுந்து ஒரே நாளில் பல நாடுகளுக்குப் பரவியது. கரண்டியைச் சிலையின் துதிக்கையருகே பிடித்தால் பால் குறைந்தது. பார்த்தவர்கள் உண்மையாகவே பார்த்தார்கள். இந்திய விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்தபோதுதான், அது மெல்லிய படலமாகச் சிலையின் மேல் வழிந்து இறங்குவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை விளிம்பு தாண்டி இழுத்துவிட, ஈர்ப்பு மீதியைக் கீழே கொண்டுபோகிறது.

இதைப் பற்றிப் பேச்சு வந்த ஒரு போயா நாளில், அந்த வீட்டு அம்மா அம்மிக் குழவியைக் கழுவி ஈரத்தோடு நிறுத்தி வைத்தார். ஒரு தேக்கரண்டி பாலை அதன் விளிம்பில் தொடுமாறு பிடித்தேன். கரண்டி மெல்ல மெல்ல வற்றியது. அங்கிருந்த ஒரு சிறுமி குனிந்து கீழே பார்த்து, "ஆன்ரி, அடியில் எல்லாம் பால்" என்றாள். கருங்கல்லில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. நம்பிக்கையுள்ள ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதையும் எழுத வேண்டும்: "பிள்ளை, எனக்குப் பிள்ளையார் பால் குடிக்கத் தேவையில்லை. அவர் குடித்தார் என்றுதான் நான் கும்பிடுகிறேன் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள்." அது எனக்குச் சேர வேண்டிய கண்டிப்பு.

நேர்த்தி வைத்தேன், நிறைவேறியது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நிறைவேறாத நேர்த்திகளின் கணக்கு வேண்டும்.

கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைகளில் எத்தனை மதத்தவர் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். விசா கிடைத்தவர் நன்றி சொல்லத் திரும்பி வருவார், சொந்தக்காரருக்கெல்லாம் சொல்வார். கிடைக்காதவர் பேசாமல் இருந்துவிடுவார், அல்லது தன் பக்தியில்தான் குறை என்று தன்னையே நொந்துகொள்வார். ஆகவே நம் காதுக்கு வருவது ஒரு பக்கத்துக் கதை மட்டும். மயூராபதி அம்மன் கோயிலிலும் அப்படியே, தர்காவிலும் அப்படியே, பரீட்சைக்கு முன் பேனாவைப் பூசையில் வைப்பதிலும் அப்படியே.

எங்கள் கூட்டத்துக்கு வரும் கத்தோலிக்கக் கணக்காளர் ஒருவர் இதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் ஒரு கொப்பியில் ஒவ்வொரு மன்றாட்டையும் முன்கூட்டியே தேதி போட்டு எழுதினார், முடிவைப் பிறகு எதிரே எழுதினார். பாதிக்குச் சற்றுக் குறைவாகவே நடந்திருந்தன. கொப்பியைத் திறப்பதற்கு முன் அவரிடம் கேட்டபோது "ஏறத்தாழ எல்லாம் கிடைத்தது" என்றுதான் நினைவிலிருந்து சொன்னார். அவர் பொய்யர் அல்லர். மனிதரின் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது, என்னுடையதும்.

பெரிய அளவில் செய்யப்பட்ட ஆய்வும் உண்டு. இதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் போன 1,802 நோயாளிகளை அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். பணம் கொடுத்தது சமயத்தின் மீது நல்லெண்ணம் கொண்ட ஓர் அறக்கட்டளை. முடிவு 2006இல் வெளிவந்தது. தமக்காகப் பிரார்த்திக்கிறார்களா இல்லையா என்று உறுதியாகத் தெரியாமலே பிரார்த்தனை பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. பெறாதவர்களில் 51. நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59. இதைக் காட்டிக் "கடவுள் இல்லை" என்று முழங்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: மூன்று குழுவினருக்காகவும் அவரவர் வீட்டார் எப்படியும் மன்றாடியிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்களின் பிரார்த்தனை அளக்கத்தக்க பலன் தருகிறது என்ற ஒரு கூற்று சோதிக்கப்பட்டது, அது தேறவில்லை. அவ்வளவுதான்.

சாத்திரியார் என்னைப் பார்த்ததும் எல்லாம் சரியாகச் சொன்னாரே?

1948இல் அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு முடிவுத்தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்குப் புள்ளி இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் பெரும்பகுதியை ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "வெளியில் உறுதியாக இருப்பீர்கள், உள்ளே கவலை உண்டு" என்ற வகை வாசகங்கள். யாருக்குத்தான் பொருந்தாது?

அடுத்த முறை போகும்போது ஒலிப்பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கேளுங்கள். அவர் சொன்னது எவ்வளவு, அவர் கேட்க நீங்கள் சொன்னது எவ்வளவு என்று எண்ணுங்கள்.

தீமிதிப்பில் கால் சுடுவதில்லையே?

சிலருக்குச் சுடும், கொப்பளிக்கும், அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. மற்றப்படி இது வெப்பம் கடத்தும் வேகத்தைப் பொறுத்தது. பேக்கரிப் போறணைக்குள் கையை நீட்டி எடுக்கலாம், உள்ளே இருக்கும் இரும்புத் தட்டைத் தொட முடியாது. இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. சாம்பல் படிந்த மரத்தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் விடும், ஒவ்வோர் அடியும் ஒரு கணம்தான். கொழும்பு மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் கற்பித்த பேராசிரியர் கார்லோ பொன்சேகா 1970களில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நடப்பவரின் துணிவைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை.

கோவூர் கடவுள் இல்லையென்று நிரூபித்துவிட்டார் என்கிறார்களே?

இல்லை, நிரூபிக்கவில்லை. நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர், ஆகவே சரியாகச் சொல்கிறேன்.

ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தார். தந்தை மதகுரு. 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்க வந்து, இலங்கையிலேயே தங்கிவிட்டார். கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வுபெற்று, பாமன்கடையில் குடியிருந்து, இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளின்கீழ் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். அன்றைய மதிப்பில் அது பெருந்தொகை. 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் வெல்லவில்லை.

அவர் தம் மாணவப் பருவத்தைப் பற்றிச் சொன்ன கதை ஒன்று. கல்கத்தாவில் படித்துவிட்டு ஊர் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி அயலவர் கேட்டிருந்தார்கள். அவர் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் பிடித்த சாதாரணத் தண்ணீரைக் கொடுத்தார். பிறகு அந்தத் தண்ணீரால் வந்த சுகங்களைப் பற்றி அவர்களே அவரிடம் வியந்து சொன்னார்கள். எனக்கு இந்தக் கதையில் ஓர் உறுத்தல் உண்டு. கேட்டவர்களை ஏமாற்றித்தான் அந்தப் பாடம் கிடைத்தது.

சவாலை யாரும் வெல்லவில்லை என்பது காற்றில் விபூதி வரவழைப்பதாகச் சொல்பவர்களைப் பற்றி நிறையச் சொல்கிறது. அன்போடு வணங்கும் ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அற்புதத்தைக் காட்டித்தான் கடவுளை நிறுவுவேன் என்று சொல்பவருக்கு மட்டுமே கோவூர் எதிரி.

மேடை விவாதங்களால் ஏதாவது பயன் உண்டா? சமயத் தலைவர்களை அழைத்து நடத்துங்களேன்.

இந்த நாட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரு நாள்களில் பாணந்துறையில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாதிட்டார்கள். பௌத்தர் தரப்பில் பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரையில் இருந்தவர். எதிரே டேவிட் டி சில்வா பாதிரியார். ஆன்மா உண்டா, மேருமலை உண்டா என்றெல்லாம் வாதம் போயிற்று. மேடையில் எவரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. ஆனால் அடக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்துக்கு அது முதுகெலும்பு கொடுத்தது. விவாத அறிக்கையைப் படித்த ஹென்றி ஸ்டீல் ஓல்கொட் 1880இல் கப்பலேறி வந்தார். கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் சிலையாக நிற்பவர் அவர்தான்.

அதே ஓல்கொட்டின் நாட்குறிப்பில் நான் மறக்க முடியாத ஒரு செய்தி இருக்கிறது. 1882இல் களனிக்கு அருகில் ஒரு கிணற்றைக் கத்தோலிக்கர் பிரான்சின் லூர்து போல நோய் தீர்க்கும் தலமாக்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் கலங்கினார். புத்தரின் பெயரால் நோய் தீர்க்க யாராவது வர வேண்டும் என்று முதலில் பிக்குகளைக் கேட்டார். பின்னர் தாமே கைகளால் தடவி முடக்குவாதக்காரர்களைக் குணப்படுத்தத் தொடங்கினார். சுகமடைந்ததாகச் சொன்னவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். இப்போது யோசியுங்கள்: கிணற்றால் சுகம் வந்தால் கத்தோலிக்கம் உண்மை, ஓல்கொட்டின் கையால் சுகம் வந்தால் பௌத்தம் உண்மை. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே வகைச் சான்று இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்குச் சாட்சி சொல்கிறது. அப்படிப்பட்ட சாட்சியை வைத்து எந்த நீதவானும் தீர்ப்பெழுத மாட்டார்.

ஆகவே மேடை வேண்டாம். மேடையில் தோற்பது அவமானம், மூன்றாம் மாடியில் தேநீரோடு தோற்பது அவ்வளவு கடினமல்ல.

அறிவியல் ஒரு விஷயத்தில் சரியாக இருந்தால் சமயம் தோற்றதாகிவிடுமா?

ஆகாது. 1829இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சந்திரகிரகணத்தை முன்வைத்து வட்டுக்கோட்டை செமினரியின் அமெரிக்க மிஷனரி டானியல் பூர் பஞ்சாங்கக் கணிப்பில் பிழை உண்டென்று முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவர் சொன்ன கணக்குப்படியே வந்தது. சரி, அவருடைய வானியல் வென்றது. ஆனால் அவர் விரும்பியது அதற்கு மேல்: பஞ்சாங்கம் பிழையென்றால் சைவமும் பிழை என்று மாணவர்கள் காண வேண்டும் என்பது. கிரகணத்துக்கான கணக்கு கிரகணத்துக்கு மட்டும் சான்று. திரித்துவத்துக்கு அது சான்றாகாது. இன்றைய நாத்திக நண்பர்கள் சிலரும், விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் எங்கள் வேத நூலிலேயே குறிப்பிருக்கிறது என்கிற பேச்சாளர்களும் பூர் பாதிரியார் செய்த அதே தாவலைத்தான் செய்கிறார்கள்.

ஐயப்படுவது பாவமல்லவா?

உங்கள் சமயத்தின் பெரியவர்கள் அப்படி நினைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

நபிகள் நாயகத்தின் குழந்தை மகன் இப்ராஹிம் இறந்த நாளில் சூரியகிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை, தமக்குப் பெருமை சேர்க்கும் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்றார். எங்கள் கூட்டத்தில் மௌலவி ஒருவர் இதைச் சொன்னபோது நான் எழுந்து நின்றேன். தன் பக்கத்துக்குச் சாதகமான பொய்ச் சான்றைத் தானே தள்ளிவிடுவதைவிடக் கடினமான நேர்மை எது?

கத்தோலிக்கத்தில், உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவும் அப்போஸ்தலர்தான். லூர்து நகரில் 1858 தொடக்கம் சொல்லப்பட்ட சுகங்களில் 7,000க்கும் மேற்பட்டவை மருத்துவக் குழுவின் பதிவேட்டில் உள்ளன. திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை 70ஐச் சற்றே தாண்டும். அற்புதங்களை மிகக் கடுமையாகச் சலிப்பவர்களில் திருச்சபையும் ஒன்று. யோசேப் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தபோது, வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்கவில்லை. காட்டுவழிகளில் நடந்து, பெரியம்மை கண்டவர்களைத் தொட்டுப் பராமரித்த அந்த வாழ்க்கை அற்புதத்தைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னது எல்லாருக்கும் தெரியும்: செவிவழி வந்தது, மரபு, நூலில் உள்ளது, குரு சொன்னார் என்பதற்காக மட்டும் கொள்ளாதீர்கள். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் தம் சொந்த விகாரையில் நூல் கட்டும்போது மறந்துவிடுவது வேறு கதை.

2019 உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் ஏன் காப்பாற்றவில்லை?

இந்தத் துண்டு டின்னில் மூன்று முறை வந்தது, மூன்றும் ஒரே கையெழுத்து. எழுதியவர் விவாதத்துக்காகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 21ஆம் தேதி கொச்சிக்கடையில் பூசையில் இருந்தவர்கள் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்கள். அன்பும் வல்லமையும் உள்ள கடவுள் இதை ஏன் விட்டார் என்ற கேள்விதான் என் நம்பிக்கையின்மைக்கு ஆழமான காரணம். அதற்கு எனக்குக் கிடைத்த எந்தப் பதிலும் போதவில்லை, வினைப்பயன் என்ற பதில் எல்லாவற்றிலும் கொடியதாகப் படுகிறது. ஆனால் அந்த ஆலயம் திருத்தப்பட்டுத் திறந்தபோது, உறவுகளை இழந்தவர்களும் அங்கே வந்தார்கள் என்பதும் உண்மை. என் கேள்வியை அவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அவர்களிடம் போய் இதை வாதமாக வைக்க எனக்கு வாய் வராது. நீங்களும் வைக்காதீர்கள்.

எல்லாரும் அவரவர் நம்பிக்கையோடு இருந்துவிட்டுப் போகட்டுமே. ஏன் கேள்வி கேட்கிறீர்கள்?

ஏனென்றால் என் அம்மாவுக்கு ஒரு கால்விரல் இல்லை.

நீரிழிவுக்காரி. அயலவர் ஒருவர் வாக்குச் சொல்லும் ஒருவரிடம் கூட்டிப் போனார். அவர் மஞ்சள் நூலொன்றைக் கையில் கட்டி, இனி மாத்திரை தேவையில்லை, மாத்திரை போட்டால் நூலுக்குச் சக்தி போய்விடும் என்றிருக்கிறார். அம்மா எங்களிடம் சொல்லவில்லை. அரிசி டின்னுக்குள் கையை விட்டபோது, அரிசிக்கு அடியில், உடைக்காத மாத்திரை அட்டைகள் அடுக்கி ரப்பர் வளையம் போட்டு இருந்தன. எறிய மனமில்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார். அதற்குள் காலில் புண் கறுத்துவிட்டிருந்தது.

அடுத்ததாக 2020 டிசம்பர். கேகாலைப் பக்கத்தில் ஒருவர், காளியம்மன் அருளிய செய்முறை என்று ஒரு பாணி மருந்தைக் கொவிட்டுக்குக் கொடுத்தார். தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரும் குடித்துக் காட்டினார். அடுத்த மாதமே அமைச்சருக்கும் தொற்று உறுதியானது.

உடலுக்கும் பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் தீங்கு வரும் இடத்தில் நான் மெதுவாகப் பேச மாட்டேன். மருந்தோடு சேர்த்து மன்றாடுங்கள், நூல் கட்டுங்கள். மருந்தை நிறுத்து என்பவர் எந்த மதமானாலும், காவி உடுத்தாலும் வெள்ளை உடுத்தாலும், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டப்படி நம்பாமல் இருக்க உரிமை உண்டா?

உண்டு. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. ஆனால் வெளியில் எழுதும்போது கவனம் தேவை. மத உணர்வைப் புண்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2019இல் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரும், 2023இல் மேடையில் நகைச்சுவை பேசிய ஒரு பெண்ணும் கைதானார்கள். மனிதரைக் காக்க வந்த சட்டம் கருத்தைக் காக்கப் பயன்படுகிறது என்பது என் வருத்தம்.

மகள் கோயிலுக்கு வர மறுக்கிறாள். சமயபாடமும் படிக்க மாட்டேன் என்கிறாள்.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். அதைப் படிக்கட்டும், தமிழ் வளமாகும். கோயிலுக்கு வற்புறுத்தி இழுக்காதீர்கள். அவள் சொல்லும் காரணத்தை ஒரு முறையாவது குறுக்கிடாமல் முழுதாகக் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் கடவுளாக இருக்காது, கோயில் வாசலில் யாரோ அவளிடம் பேசிய விதமாக இருக்கும்.

மரண வீட்டில் "அவர் இறைவனடி சேர்ந்தார்" என்கிறார்கள். நம்பாத நான் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். கதிரைகளை அடுக்குங்கள், தேநீர் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான்கு ஆண்டுகளில் யாராவது மனம் மாறினார்களா?

மதம் மாறியவரோ மதத்தை விட்டவரோ இல்லை. நம்பாத இளைஞர் ஒருவர் "மூடர்கள்" என்ற சொல்லை நிறுத்தியிருக்கிறார். கொப்பி எழுதிய கணக்காளர் இன்னமும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போகிறார். அதை இப்போது நிரூபணம் என்று சொல்வதில்லை, நன்றி சொல்லப் போகிறேன் என்கிறார். கொப்பியைத் தொடர்ந்து எழுதுகிறீர்களா என்று கேட்டேன், எழுதுகிறாராம். அம்மா மஞ்சள் நூலை அவிழ்க்க ஒப்பவில்லை. அது நைந்துபோனால் நான்தான் கோயிலுக்குக் கூட்டிப் போய்ப் புதிதாகக் கட்டுவித்து வருகிறேன். ஞாயிறு இரவுகளில் கிழமை வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியையும் நான்தான் நிரப்புகிறேன், அரிசி டின்னையும் ஒரு முறை துழாவிப் பார்க்கிறேன்.